இளஞ்சிறார் கல்வியும் வாசிப்பும்

கல்வியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரிக் கல்வியைப் பற்றியே எழுதுகின்றனர். பல்கலைக்கழகப் பாடத்திட்டம், பட்டம் பெற்றோரின் வேலையின்மை, பயிற்றுமொழி தமிழோ ஆங்கிலமோ என்னும் வழக்கு ஆகியன இத்தகைய மலர்களில் ஆண்டுதோறும் இடம்பெறுவனவே. யாம் அவற்றை விடுத்து, ஒன்பது பத்து வயதுச் சிறார் பயிலும் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் பற்றிச் சில கூற விழைகின்றோம். இஃது ஆசிரியப் பயிற்சி பெறுவோர் ஆராய வேண்டிய பொருளாயிற்றே, தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை மேலே செல்லச் செல்லத் தானே விளங்கும்.

முதற்கண் அவ்விரு வகுப்புகளிலும் சிறார் கற்பன யாவை என நோக்குவாம். முதல் மூன்று ஆண்டுகளில் எழுத்துகளை அறிந்து சொற்களைக் கூட்டி வாசிக்கப் பழகிய குழந்தை, நான்காம் வகுப்பில் பத்தி பத்தியாக அமைந்த உரைநடையையும், கதையையும், செய்யுளையும் எதிர்கொள்கின்றது. கணக்கில் ஆயிரங்களைக் கடந்து இலட்சத்தை நோக்கிச் செல்லும் எண்கள், நீள்வகுத்தல், பின்னம், நீளமும் நிறையும் கொள்ளளவும், காலமும் பணமும், கோணமும் சுற்றளவும் வருகின்றன. அறிவியலில் உடலுறுப்புகள், உணவு, நீர், காற்று, தாவரம், விலங்கு, பொருளின் மூன்று நிலைகள், ஆற்றல் என்பன பற்றிய முதலறிவு புகட்டப்படுகின்றது. எண்ணிப் பார்ப்பின் இஃது அத்துணைச் சிறிய கல்வியன்று. இவற்றை ஐயமறக் கற்ற ஒருவன் தன் வாழ்நாளின் அன்றாடக் கருமங்கள் பலவற்றைப் பிறர் உதவியின்றி நடத்திக்கொள்ள வல்லவனாவான்.

இவை மூன்றும் கால அட்டவணையில் மூன்று பாடங்களாகத் தனித்தனியே நிற்கின்றன. ஆயின், வாசிப்பு என்னும் ஒன்றே ஏனைய இரண்டிற்கும் வாயிலாய் உள்ளது என்பதும், அவ்வாயில் திறக்கப்பெறாத சிறுவனைக் கணக்கில் மந்தன் என்றும் அறிவியலில் மந்தன் என்றும் இகழ்தல் அவனுக்கு இழைக்கும் அநீதி என்பதுமே எம் துணிபு. இத்துணிபிற்கு யாம் நூல்களைக் கற்று வந்தோமல்லேம். ஒரு பிழையைச் செய்து வந்தோம். அதனை ஒளியாது ஈண்டு உரைக்கின்றோம்.

யாம் நண்பர் மூவரோடு சனிக்கிழமைதோறும் கல்லூரிக்கு அணித்தேயுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, ஐந்தாம் வகுப்புச் சிறார்க்கு மாலையில் பாடம் சொல்லி வந்தோம். ஒருநாள் கரும்பலகையில் பின்வரும் கணக்கை எழுதினோம்: "ஒரு வணிகர் 144 மாம்பழங்கள் வாங்கினார். அவற்றுள் 12 பழங்கள் அழுகிவிட்டன. எஞ்சிய பழங்களை 6 கூடைகளில் சமமாக அடுக்கினார். ஒரு கூடையில் உள்ள பழங்கள் எத்தனை?" சிறார் கணக்கை நோக்குமுன் எம்மை நோக்கினர். "அண்ணா, இது கூட்டலா, கழித்தலா?" என்னும் குரல் பல திசைகளினின்றும் எழுந்தது. யாம் விடை கூறாது நின்றோம். கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் 144, 12, 6 என்னும் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி, 162 என விடை காட்டினான். வாங்கிய பழமே 144 ஆக, ஒரு கூடையில் மட்டும் 162 பழங்கள் எங்ஙனம் இருத்தல் கூடும்? "நீ கணக்கில் மிகவும் பின்தங்கியிருக்கின்றாய்" என்று மற்றச் சிறார் கேட்கவே கூறிவிட்டோம். அவன் மறுமொழி கூறாது தலைகவிழ்ந்தான்.

அடுத்த வாரம் பேருந்தை விட்டிறங்கியபோது, அச்சிறுவனைச் சாலையோரத்துப் பழக்கடையில் கண்டோம். கடை அவன் தாயாருடையது. அவர் வேறு கருமமாய்ச் சென்றிருக்க, சிறுவனே வணிகம் செய்துகொண்டிருந்தான். கிலோ 60 ரூபாய் விலையுள்ள கொய்யாவில் ஒன்றேமுக்கால் கிலோ வாங்கிய ஒருவர், 200 ரூபாய்த் தாளை நீட்டினார். சிறுவன் தாளும் எழுதுகோலும் தேடவில்லை. "நூற்றைந்து ரூபாய்" என்று சொல்லி, மீதி 95 ரூபாயைத் தயங்காமல் எண்ணிக் கொடுத்தான். எமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே தோன்றின. சென்ற வாரத்துக் கணக்கை அவன் கடையிற் பேசும் பேச்சிலேயே வாய்மொழியாகக் கேட்டோம்: நூற்று நாற்பத்து நான்கு மாம்பழம் வாங்கினாய், பன்னிரண்டு அழுகிவிட்டது, மிச்சத்தை ஆறு கூடையில் சமமாக அடுக்கினாய், ஒரு கூடைக்கு எத்தனை? அவன் கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் "இருபத்திரண்டு" என்றான். பின்னர் அக்கணக்கையே தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தவன், மூன்றாம் வாக்கியத்தின் முதற்சொல்லில் நின்றுவிட்டான். "அண்ணா, எஞ்சிய என்றால் என்ன?" என்று கேட்டான்.

அன்பர்காள்! அவனுக்குத் தெரியாதிருந்தது கணக்கன்று. ஒரு தமிழ்ச் சொல். அச்சொல்லின் வினையடியாகிய எஞ்சு என்பதினின்றே எச்சம் பிறந்தது என்றும், பெயரெச்சம் வினையெச்சம் என எச்சம் இருவகைப்படும் என்றும் யாம் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். எஞ்சிய பழங்கள் என்னும் தொடரில் எஞ்சிய என்பது தானே ஒரு பெயரெச்சமாகும். அத்தகைய சொல்லொன்று ஒரு குழந்தையின் வழியை மறித்து நிற்பதைத் தமிழ் பயிலும் யாமே காணாது, குற்றத்தை அக்குழந்தையின் அறிவின்மேல் ஏற்றினோம். எம் பிழை இதுவே.

இஃது ஒரு சிறுவனின் நிலை மட்டுமன்று. ஜீன் சால் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் 1983இல் வெளியிட்ட நூலில், வாசிப்பு வளரும் படிகளை வகுத்துக் காட்டினார். முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கின்றது. நான்காம் வகுப்பு முதல் கற்பதற்காக வாசிக்கின்றது என்பது அவர் கண்ட வேறுபாடு. முற்படியில் கால் ஊன்றாத குழந்தை நான்காம் வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் ஒருசேரச் சறுக்குகின்றது. நம் நாட்டில் 2005 முதல் ஊர்ப்புறங்களில் நடத்தப்பெற்று வரும் ஏசர் என்னும் ஆய்வும் இதனை வலியுறுத்துகின்றது. 2024ஆம் ஆண்டின் அவ்வாய்வில், இரண்டாம் வகுப்பு அளவிலமைந்த சிறு கதையை வாசிக்க வல்லவராயிருந்தோர், இந்திய ஊர்ப்புறத்து ஐந்தாம் வகுப்புச் சிறாருள் பாதிக்குச் சற்றே குறைவானவர். மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவராயிருந்தோர் ஏறத்தாழப் பத்தில் மூவரே. நீள்வகுத்தலில் இடமதிப்பும் பெருக்கல் வாய்பாடும் கழித்தலும் ஒருங்கு வேண்டப்படுதலின், வகுத்தலில் தவறுவார் அனைவரும் வாசிப்பின்மையாலேயே தவறுகின்றனர் என்று யாம் கூறத் துணியோம். ஆயினும், பாதிப் பேர்க்கு நூல் திறவாதிருக்கையில் அந்நூலைக்கொண்டு வேறெதனைக் கற்பித்தல் இயலும்?

நிற்க. வாசிப்பு என்று யாம் கூறுவது எழுத்தை ஒலித்தலை மட்டுமன்று, பொருளுணர்தலையுமாகும். பின்னக் கணக்கை எடுத்துக்கொள்வாம். பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த சிறார், கால், அரை, முக்கால் என்பனவற்றோடு அமையாது, அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்றெல்லாம் கீழ்நோக்கி எண்ணினர். வீசம் பதினாறில் ஒரு பங்கு. மா இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. பொருளுணராது உருப்போடும் குறை அம்முறையில் இருந்தது உண்மையே. எனினும், ஒவ்வொரு பின்னத்திற்கும் நாவிற் பழகிய ஒரு பெயர் இருந்தது. இன்று நம் சிறுவன் கடையில் ஒன்றேமுக்கால் கிலோவை நிறுக்கின்றான். வகுப்பிலோ மேலே ஓரெண்ணும் கீழே ஓரெண்ணுமாக எழுதப்பட்ட முக்காலைக் கண்டு மருள்கின்றான். தொகுதி, பகுதி என்னும் சொற்கள் அவனுக்கும் அவ்வெண்களுக்கும் இடையே திரையாகின்றன. ஆதலின், இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுக என்றால், மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி, ஐந்தில் இரண்டு என்கின்றான். ஐந்தில் இரண்டு அரையினும் குறைந்தது. அரைக் கிலோ அரிசியோடு இன்னும் சிறிது சேர்த்தபின் அஃது அரைக் கிலோவிற்கும் குறைந்துவிட்டது என்று கடையில் எவரேனும் கூறின், அவனே நகைப்பான். வகுப்பில் நகையாமைக்குக் காரணம், அங்கே அவ்வெண்களைப் பொருளாக வாசியாது வெறுங்குறிகளாகக் கண்டமையே.

அறிவியலும் இத்தன்மையதே. பனிக்கட்டியிட்ட நீர்க்குவளையின் புறத்தே சிறு துளிகள் அரும்புவதை எல்லாச் சிறாரும் கண்டிருக்கின்றனர். அத்துளி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, எம் வகுப்பினர் பலரும் குவளை ஒழுகுகின்றது என்றனர். நூலிலோ நீராவி குளிர்ந்து நீராதலைப் பற்றிய பத்தி ஒன்று உண்டு. அதனை அவர்கள் பிழையின்றி ஒப்பிக்கவும் செய்தனர். ஒப்பித்த பத்திக்கும் கண்ட துளிக்கும் உறவுண்டு என்பதை அவர்கள் அறிந்திலர். குவளையின் உள்ளே மஞ்சளைக் கரைத்து வைத்தோம். புறத்தே அரும்பிய துளியோ நிறமற்றிருந்தது. உள்ளிருந்து ஒழுகியதாயின் அதுவும் மஞ்சளாயிருக்க வேண்டுமன்றோ? சிறிது நேரம் வாளாவிருந்த வகுப்பில் ஒரு சிறுமி, "அப்படியென்றால் காற்றிலிருந்துதான் வந்திருக்கும்" என்றாள். அதன்பின் அப்பத்தியை மீண்டும் வாசிக்கச் செய்தோம். முன்னர் ஓசையாயிருந்த சொற்கள் அப்பொழுது பொருளாயின. காட்சி முன்னும் பெயர் பின்னும் வாசிப்பு அதன் பின்னுமாக வருதல் நன்று என்பதை அன்று யாம் கற்றோம்.

இனி, இக்குறைக்குப் பலர் கூறும் மருந்துகளைச் சிறிது ஆராய்வாம். தேர்வு வைத்துத் தேறாதாரை அவ்வகுப்பிலேயே நிறுத்தினாலன்றிச் சிறார் படியார் என்பர் ஒருசாரார். தமிழ்நாட்டில் ஐந்தாம் எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்த 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆணை பிறந்தது. 2020 பிப்ரவரியில் அவ்வாணை கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே என்பது எம் கருத்து. தேர்வு நோயை அளக்கும் கருவியேயன்றி மருந்தாகாது. எஞ்சிய என்னும் சொல்லை அறியாத சிறுவனை ஓராண்டு நிறுத்திவைப்பின், அச்சொல்லை அவனுக்கு உணர்த்துவார் இல்லாதவரை அடுத்த ஆண்டும் அவன் அச்சொல்லின் முன்னேயே நிற்பான். பழக்கடைக்கோ முழுநேர ஆள் ஒருவன் கிடைப்பான்.

நூல்களின் நடையே குற்றமுடையது, பேச்சுத்தமிழிலேயே பாடங்களை எழுதிவிடலாம் என்பர் மற்றொருசாரார். இதற்கு யாம் உடன்படேம். செய்தித்தாளும், அரசாணையும், பத்திரமும், நம் பண்டை நூல்களும் எழுத்துத்தமிழிலேயே உள்ளன. கற்றோர் இல்லத்துக் குழந்தை அத்தமிழை வீட்டிலேயே கேட்டு வளரக்கூடும். பழக்கடைக்காரரின் மகனுக்கு அதனைத் தரும் இடம் பள்ளி ஒன்றே. அதனையும் அவனிடமிருந்து பறித்தல் இரக்கமாகாது. வேண்டுவது, அவன் அறிந்த சொல்லினின்று அறியாத சொல்லிற்குப் பாலம் அமைத்தலேயாம். மிச்சம் என்பதை அறிந்தவனுக்கு மீதி என்பதையும், மீதி என்பதை அறிந்தவனுக்கு எஞ்சிய என்பதையும் உணர்த்துதல் ஒரு நிமிடத்து வேலை. அவ்வொரு நிமிடத்தைச் செலவிடுவார் இன்மையே குறை.

அங்ஙனமாயின் குற்றம் ஆசிரியர்களுடையதோ எனின், அதுவுமன்று. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள்வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு வேண்டப்படும் ஆசிரியர் இருவர். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒருபால் அகரம் எழுதுவித்து, மற்றொருபால் நீள்வகுத்தல் கற்பிக்கின்றார். அவருடைய உழைப்பை அருகிருந்து கண்டபின் அவர்மேற் குறைகூற எமக்கு நா எழவில்லை. தமிழ்நாட்டு அரசு 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரித்த எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம், குழந்தைகளை வயதை மட்டும் நோக்காது அவர்கள் நிற்கும் நிலையை நோக்கி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது போற்றத்தக்கது. ஆயினும், அரும்பிற்கும் மொட்டிற்கும் மலருக்கும் நீர் வார்க்கும் கைகள் இரண்டே ஆயின் என் செய்வது?

ஈண்டே நம் கடமை தோன்றுகின்றது. ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியொன்றை நடத்தி வந்தார். மணலில் விரலால் எழுதிப் பயிலும் நம் நாட்டுச் சிறாரைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் கொணர்ந்தார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்து, 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்திலும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளிலோ சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் அப்பணியை முன்னரே செய்து வந்தான். இளையார்க்கு மூத்தார் கற்பித்தல் இந்நிலத்திற்குப் புதியதன்று. நாம் அதனை மறந்தோம் என்பதே உண்மை.

ஆகவே யாம் வேண்டுவன சில. கணக்கு வகுப்பில் எழுதுகோலை எடுக்குமுன், கணக்கைச் சிறார் வாய்விட்டு வாசித்துத் தம் சொந்தப் பேச்சில் ஒருமுறை சொல்லுக. கூட்டலா கழித்தலா என்று கேட்பதற்கு மாறாக, இங்கு நடந்தது யாது என்று அவர்கள் கேட்கப் பழகுக. அறிவியலில் கண்ட பின்னர்ப் பெயரும், பெயருக்குப் பின்னர்ப் பத்தியும் வருக. நாள்தோறும் அரைமணி நேரமேனும் பாடமும் தேர்வும் அல்லாத கதைநூல்கள் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா; உடன் அமர்ந்து கேட்பார் ஒருவர் வேண்டும். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் அவ்வொருவராதல் இயலாதா?

தமிழ் பயில்வார்க்குப் பிறிதொரு கடமையும் உண்டு. வழக்கறிஞராயிருந்த பெ. நா. அப்புசாமி அவர்கள் அறிவியலை எளிய இனிய தமிழில் எழுதுதலைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். நாமோ பட்டம் பெற்றபின் உரைக்கு உரை எழுதுதலையே புலமை எனக் கருதுகின்றோம். பத்து வயதுச் சிறுவன் தடையின்றி வாசித்து உவக்கும் பத்துப் பக்கங்களை எழுதுதல், ஓர் அரும்பதவுரை எழுதுதலினும் எளியதன்று, இழிந்ததுமன்று. இப்பொருளில் தமிழ் மாணவர்க்கு என்ன வேலை என்று முதலில் எழுந்த வினாவிற்கு இதுவே எம் விடை.

இறுதியாக ஒன்று. அச்சிறுவனைப் பின்தங்கியவன் என்று யாம் கூறியது வகுப்பார் அனைவரும் கேட்க. ஆதலின், தவறு எம்முடையதே என்பதையும் அவ்வகுப்பார் அனைவரும் கேட்கவே அடுத்த வாரம் கூறினோம். சிறுவன் ஒன்றும் பேசவில்லை. பாடம் முடிந்து யாம் புறப்பட்டபோது, "அண்ணா, அந்த மாம்பழக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுப் போங்கள்" என்றான். எழுதினோம். அவன் எழுந்து நின்று, எஞ்சிய என்னும் சொல்லை மற்றவர்க்குப் பொருள் சொல்லி வாசித்தான். அவ்வகுப்பில் அன்று முதல் சட்டாம்பிள்ளை அவனே. அவனோடு அமர்ந்து வாசிக்க இடம் இன்னும் உண்டு. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கல்லூரி வாயிலில் காத்திருப்போம்.